கொக்கியில் நானூற்று இருபது பவுண்டு

போன மாதம், நான் வேலைபார்த்த டிரெய்லர் விற்பனை நிலையத்திலிருந்து ஒரு போன் வந்தது. என் இடத்தில் இப்போது வேலைபார்க்கும் பெண் பேசினார். இனிமேல் யாரையும் எடைமேடைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறது. காரின் மாடலையும் டிரெய்லரின் மாடலையும் அதில் போட்டால், இழுக்கலாம் என்று பச்சை டிக் விழுந்துவிடும். “நீங்க மட்டும் ஏன் ஒவ்வொருத்தரையும் பன்னிரண்டு மைல் கூட்டிப்போய் எடை போட்டீங்க? சட்டம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். சட்டம் எதுவும் இல்லை என்றேன். காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, துறைமுகச் சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் ஒன்பது வருஷம் உப்பு லாரிகளை எடை போட்டேன். மனைவி ரோஸ்லின் நர்ஸ். அவளுக்கு டல்லாஸ் பக்கம் வேலை கிடைத்து கிரீன் கார்டு வந்தபோது நானும் கூடவே வந்து இறங்கினேன். ரிச்சர்ட்சனில் எங்கள் தமிழ் சர்ச்சுக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் சாஃப்ட்வேர், டெலிகாம். “அங்கிள், நீங்க எந்த கம்பெனி?” என்று கேட்பார்கள். டிரெய்லர் கழுவுகிறேன் என்று சொன்னதும் பேச்சு மழைப் பக்கம் திரும்பிவிடும். முதல் வருஷம் கழுவினேன். அடுத்த இரண்டு வருஷம் கொக்கி மாட்டினேன், பிரேக் வயர் இழுத்தேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, விற்ற டிரெய்லரைச் சரிபார்த்து வாங்கியவரிடம் ஒப்படைப்பதுதான் என் வேலை.

டிரெய்லர் என்று நான் சொல்வது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கர வீடு. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் டார்லீன். சர்வீஸ் மேனேஜர். மேற்கு டெக்சாஸில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாம் அருகில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாங்குபவர் குடும்பத்தோடும், முதல் பயணத்துக்குக் கொண்டுபோகும் அத்தனை சாமானோடும் வர வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றி, நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குப் போக வேண்டும். முதலில் டிரெய்லர் மாட்டியபடி ஒரு எடை. பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு கார் மட்டும் ஒரு எடை. இரண்டு முறையும் காரின் சக்கரங்களில் நின்ற எடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் விழும் எடை. நான் எடைச் சீட்டிலிருந்து எண்ணை வாசிப்பேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் சொன்னதை நான் மறுபடி சொன்ன பிறகுதான், வெள்ளை மார்க்கரால் வாடிக்கையாளரின் கார்க் கண்ணாடியிலேயே எழுதுவார். எழுதிவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொள்வார். வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். தங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் காரின் கண்ணாடியில் அந்த எண்ணைப் பார்த்துப் பெற்றவர்களே பேசி முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

சேர்ந்த புதிதில் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து, “இந்தக் கார் ஏழாயிரத்து ஐந்நூறு பவுண்டு இழுக்கும், டிரெய்லர் ஐயாயிரத்து முந்நூறுதான், சரியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டேன். டார்லீன் புத்தகத்தை வாங்கி மடித்துத் தன் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். “அந்த ஐயாயிரத்து முந்நூறில் தண்ணீர் இருக்கா? கேஸ் சிலிண்டர்? பேட்டரி? உன் மனைவியோட அரிசி மூட்டை?” என்று கேட்டார். பிறகு என்னைக் காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அந்தக் கார் சுமக்கக்கூடிய ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை பவுண்டு என்று அதில் போட்டிருந்தது. கொக்கியில் விழும் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். காரின் இழுக்கும் சக்தி தீருவதற்கு வெகு முன்னாலேயே சுமக்கும் சக்தி தீர்ந்துவிடும். பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அதே வாரத்தில் ஒரு நாள் என்னைப் பழைய விமான ஓடுதளம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். டிரெய்லரின் பின்கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கினார். “ஓட்டு,” என்றார். முப்பது மைல் வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பதில் முதுகுக்குப் பின்னால் யாரோ சீட்டைப் பிடித்து லேசாக அசைப்பதுபோல் இருந்தது. நாற்பத்தைந்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. கார் என் பேச்சைக் கேட்கவில்லை, பின்னால் வருவதன் பேச்சைத்தான் கேட்டது. நான் பிரேக்கை மிதிக்கப் போனேன். டார்லீன் என் முழங்காலைப் பிடித்து அழுத்தி நிறுத்தினார். மறுகையால் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டியின் லிவரை அமுக்கினார். அது டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் லிவர். பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்ததுபோல் வண்டி நேரானது.

“கொக்கியில் எடை கூடினால் கார் கெடும்,” என்றார். “குறைந்தால் ஆள் சாவான். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் நிற்க வேண்டும்.”

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

பிரபாகர் எங்கள் சர்ச்சில் கொயர் பாடுபவர். டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலை. சென்னைப் பையன், நாற்பது வயதானாலும் எனக்குப் பையன்தான். மனைவி ஷீலா பள்ளியில் கணக்கு டீச்சர். மூத்தவள் நிவேதா, பதின்மூன்று வயது. சின்னவள் ஐந்து வயது. சர்ச்சில் என் வேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்ட ஒரே ஆள் பிரபாகர். அவர் எங்களிடம் டிரெய்லர் வாங்கியபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. என் ஆட்களில் ஒருவர் என் கடைக்கு வந்திருக்கிறார்!

பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் குடும்பத்தோடு எடைமேடைக்கு வந்தார்கள். கொக்கியில் எழுநூற்று அறுபது பவுண்டு விழுந்தது. டிரெய்லருக்கு அது சரியான எடைதான். ஆனால் நான்கு பேர், காரில் இருந்த சாமான், கொக்கியில் விழுந்த எடை எல்லாம் சேர்ந்து, கார் சுமக்கக்கூடியதைவிட நூற்று எழுபத்தைந்து பவுண்டு கூடுதல். டார்லீன் கண்ணாடியில் எழுதி வட்டம் போட்டுவிட்டுத் தள்ளிப்போனார்.

பிரபாகர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். “அங்கிள், ஹில் கன்ட்ரி பார்க்ல டிரெய்லர் நிறுத்த சைட் கெடைக்கவே எட்டு மாசம் வெயிட் பண்ணோம். பசங்க நாள் எண்ணிட்டு இருக்காங்க. நூத்தி எழுபத்தஞ்சுதானே? ஏதாவது பண்ண முடியாதா?”

“முன்னால வெயிட்டு ஜாஸ்தி, தம்பி. கொறைக்கணும்,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சாமானை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் மனதில் இருந்தது. அதைச் சொன்னேனா என்று பின்னாளில் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. ஷீலா பார்த்துக்கொண்டிருந்தார், டார்லீன் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு பிள்ளைகளும் காருக்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். சங்கடமான பேச்சைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்.

டார்லீனிடம் போய், “எனக்குத் தெரிந்த குடும்பம். எடையைக் குறைத்துவிடுவார். நான் மறுபடி கூட்டிவந்து எடை பார்க்கிறேன்,” என்றேன். “நீ பார்ப்பாயா?” என்று கேட்டார். “பார்ப்பேன்.” ஒப்படைப்புத் தாளை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை வருவதாக இருந்தது. ஆபீசில் அவசர வேலை என்று பிரபாகர் மெசேஜ் அனுப்பினார். ‘கவலைப்படாதீங்க அங்கிள், கொக்கி வெயிட் பாக்குற குட்டி ஸ்கேல் ஒண்ணு வாங்கிட்டேன், நானே பாத்துக்கறேன்.’ சரி என்று கட்டைவிரல் படம் போட்டேன். அன்று எனக்கும் வேலை நிறைய.

சனிக்கிழமை காலை ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்து அச்சுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கை துடைத்துப் போனைப் பார்த்தபோது மணி ஒன்பதரை. எட்டேகாலுக்கு ஒரு படம் வந்திருந்தது. கொக்கிக்கு அடியில் அந்தக் குட்டி ஸ்கேல். முள் நானூற்று இருபதில் நிற்கிறது. கீழே, ‘முந்நூத்தி நாப்பது கொறைச்சாச்சு அங்கிள்! கெளம்பிட்டோம்!’ அடுத்து இன்னொரு படம். டிரெய்லரின் பின்பக்கம் புது ஸ்டாண்ட், அதில் நான்கு சைக்கிள், பக்கத்தில் ஜெனரேட்டர். டிரெய்லரின் முன்பெட்டியில் இருந்ததையெல்லாம் பின்னால் நகர்த்தியிருக்கிறார். பின்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிவிட்டதாகக் கீழே எழுதியிருந்தார்.

ஆறாயிரத்து நானூறு பவுண்டு டிரெய்லர். பத்தில் ஒரு பங்கு என்றால் அறுநூற்று நாற்பது. கொக்கியில் நிற்பதோ நானூற்று இருபது. ஒரு பவுண்டைக்கூட அவர் குறைக்கவில்லை. நான் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளியிருக்கிறார்.

அன்று தெற்கிலிருந்து பலமான காற்று. எங்கள் கடை வாசலில் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பிரபாகரைக் கூப்பிட்டேன். கார் ஓட்டுகிறார், பிறகு பேசுவார் என்று இயந்திரம் பதில் அனுப்பியது. மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். ஷீலாவின் நம்பர் என்னிடம் இல்லை. ரோஸ்லினுக்குப் போன் போட்டு வாங்கினேன். அதற்குள் என் விரலில் இருந்த கிரீஸ் போன் முழுவதும் அப்பி, எண்ணைத் தொட்டால் வேறு எண் விழுந்தது. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

“ஹாய் எட்வின் அங்கிள்.” நிவேதா. “அம்மா இஸ் ஸ்லீப்பிங்.”

“எங்க இருக்கீங்கம்மா?”

“வி ஜஸ்ட் பாஸ்ட் ஹில்ஸ்பரோ.”

“வண்டி ஆடுதா?”

“லைக்... எ லிட்டில். வென் தி பிக் டிரக்ஸ் கோ பை. டாட் சேஸ் இட்ஸ் த விண்ட்.”

“ஸ்பீடு எத்தன?”

“செவன்டி.”

“ஸ்பீக்கர்ல போடும்மா. அம்மாவ எழுப்பு. சீக்கிரம்.”

பிரபாகரின் குரல் உற்சாகமாக வந்தது. “அங்கிள்! படம் பாத்தீங்களா?”

“பாத்தேன் தம்பி. நான் சொல்றத மட்டும் செய்ங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க. பிரேக்க தொடாதீங்க. ஸ்பீடு தானா எறங்கட்டும்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“எடுங்க தம்பி. அப்பறம் பேசலாம்.”

“ஓகே, ஒரு டிரக் வருது, அது போனதும்...”

டிரக் கடந்துபோகும் இரைச்சல் போனில் எனக்கே கேட்டது. அது முடிந்த நொடியில் ஏதோ சாமான் உருண்டு விழும் சத்தம். “ஏய், ஏய், ஏய்,” என்று பிரபாகர். சின்னவள் வீறிட்டாள். ஷீலா தூக்கத்திலிருந்து விழித்து, “பிரபா! என்னாச்சு பிரபா!” என்று கத்துவது கேட்டது. பின்னால் ஹாரன்கள்.

“பிரேக்க மிதிக்காத! ஸ்டீயரிங்க நேரா புடி!” என்று கத்தினேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. “லிவர அமுக்கு! லிவரு!”

அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்திருக்க முடியாது. அந்தப் பெட்டியை அந்தக் காரில் மாட்டியவன் நான்தான். முழங்கால் இடிக்கும் என்று பிரபாகர் சொன்னதால் நான்கு அங்குலம் வலப்பக்கம் தள்ளி வைத்திருந்தேன்.

“ஷீலா! ஷீலா, எட்வின் பேசுதேன். கேக்கா? டேஷ்போர்டுக்கு அடியில பாரு. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம். கறுப்புப் பெட்டி. கேக்கா?”

“எங்க? எங்க?”

“ரேடியோவுக்கு நேர் கீழ! கைய விட்டுத் தடவு! அதுல ஒரு லிவரு நீட்டிட்டு இருக்கும். புடிச்சு அமுக்கு. விடாத. முழுசா அமுக்கு!”

“மாம், தேர்! தேர்!” என்று நிவேதா.

பிறகு டயர் தேயும் நீண்ட சத்தம். இரும்பு கிழியும் சத்தம். போன் எங்கோ விழுந்தது. அதன்பின் பேச்சில்லை. இணைப்பு மட்டும் இருந்தது. காற்று அடிப்பது மட்டும் கேட்டது. நான் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் திரையில் நிமிடக் கணக்கு ஓடியிருக்கும்; அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அங்கிள்?” என்றாள் நிவேதா. “வி ஸ்டாப்ட்.”

“எல்லாரும்...?”

“வி ஆர் ஓகே. ஐ திங்க் வி ஆர் ஓகே. டாட் இஸ் க்ரையிங்.”

நேராக டார்லீனின் அறைக்குப் போனேன். இரண்டு படத்தையும் காட்டினேன். மறுபடி எடை பார்ப்பதாகச் சொன்னேன், பார்க்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார். பிறகு கடையின் பெரிய பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஓடி ஏறினேன். ஒன்றரை மணி நேரம் அவர்தான் ஓட்டினார்.

கார் சாலையோரப் புல்லில் நின்றிருந்தது. டிரெய்லர் குறுக்காகத் திரும்பி, அதன் மூலை காரின் பின்விளக்கை நசுக்கியிருந்தது. ஆனால் கவிழவில்லை. பின்னால் இருந்த ஸ்டாண்ட் பிய்ந்துபோய், சைக்கிள்களும் ஜெனரேட்டரும் சாலையில் சிதறியிருந்தன. பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பாதையை மறித்ததால்தான் வேறு யார்மேலும் படவில்லை. ஷீலாவின் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் உறைந்திருந்தது. அப்படி அமுக்கியிருக்கிறார். வண்டி நின்ற பிறகும் விடவில்லையாம். நிவேதாதான் விரல்களைப் பிரித்தெடுத்தாளாம்.

டார்லீன் முதலில் சின்னவளிடம் போய் மண்டியிட்டு அவள் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பிறகு டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். அந்தத் தண்ணீர் புல்லில் ஓடி முடியும்வரை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிரபாகர் என்னிடம் வந்தார். “கொறைக்கணும்னுதானே அங்கிள் சொன்னீங்க? பின்னால வெக்காதன்னு நீங்க சொல்லவே இல்லயே.”

“சொல்லல தம்பி,” என்றேன்.

திங்கட்கிழமை டார்லீன் என்னை அழைத்தார். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, “மறுபடி எடை பார்க்க உனக்கு நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா?” என்று கேட்டார். அவர் குரல் மிக மெதுவாக இருந்ததால் முன்னால் குனிந்தேன். இல்லை என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போயிருந்தேன். பிரபாகரை மறுபடி வற்புறுத்திக் கூப்பிட வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை. “அதை எழுது,” என்றார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். வேலையை விட்டு நீக்குவார் என்று நினைத்தேன். நீக்கவில்லை. ஒரு வருஷம் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருந்தால்தான் டிரெய்லர் வெளியே போகும் என்று வைத்தார். அந்த ஒரு வருஷமும் ஒவ்வொரு தாளையும் அவரிடம் எடுத்துப்போய் நின்றேன்.

சர்ச்சில் அந்தக் குடும்பம் வேறு வரிசையில் உட்கார ஆரம்பித்தது. எட்வின் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். எட்வின்தான் காப்பாற்றினார் என்று சிலர் பேசினார்கள். இரண்டாவது கூட்டம் பேசும்போதுதான் எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றும். ரோஸ்லின் மட்டும் ஒரு நாள் காரில் வரும்போது, “ரெண்டும் நீங்கதான். ஒண்ண மட்டும் எடுத்துக்க முடியாது,” என்றாள்.

டார்லீன் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நான் ஒருவரையும் எடைமேடைக்குப் போகாமல் விட்டதில்லை. ஆப்புக்கு மாடல் தெரியும். சைக்கிளை எங்கே கட்டினார்கள் என்று தெரியாது. ‘கொறைக்கணும்’ என்பதைக் கேட்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றும் தெரியாது. போனில் கேட்ட பெண்ணுக்கு என் பதில் இதுதான்.

விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து ஷீலாவும் பிரபாகரும் கடைக்கு வந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பவுண்டு எடையில் ஒரு சின்ன டிரெய்லரை ஷீலாவே தேர்ந்தெடுத்தார். “இந்த வாட்டி நான்தான் டிரைவ் பண்ணப்போறேன் அங்கிள்,” என்றார். பிரபாகர் சிரித்தார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. பிள்ளைகளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனோம். வழி காட்டுவதற்காக நான் பின்சீட்டில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷீலா காரை மேடையின் தகட்டில் கோடு பார்த்துச் சரியாக நிறுத்தினார். எடை போடச் சொல்லிப் பொத்தானை அழுத்தக் கார்க் கண்ணாடியை இறக்கியவர், கையை நிறுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“அங்கிள், நீங்க எங்ககூட கேம்ப்பிங் வரீங்களா?”

“இல்லம்மா. ஏன்?”

“அப்ப கொஞ்சம் எறங்குங்க. நீங்களும் வெயிட்தானே.”

இறங்கி மேடைக்கு வெளியே போய் நின்றேன். ஷீலா பொத்தானை அழுத்தினார்.